முன்னூறு பிரதி: கட்சித் தம்பிகளுக்கு ஒரு ஜெராக்ஸ் கடைக்காரனின் திறந்த மடல்

குன்னூர், வெலிங்டன், அருவங்காடு வட்டாரத்து எல்லாக் கட்சி இளைஞர் அணித் தம்பிகளுக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என் பெயர் தெரியாது, கடையைத் தெரியும். ராணுவ பாரக்ஸுக்குப் போகிற சாலையில், வருக்கி போடுகிற பேக்கரிக்குப் பக்கத்துக் கதவு. உங்கள் கட்சிகள் நாலைந்துக்கும் நோட்டீஸ், வாக்காளர் பட்டியல், போலீஸுக்குக் கொடுக்கிற மனு எல்லாம் என் மெஷினில்தான் ஓடுகிறது. காலையில் ஒரு கட்சி திட்டுவதும் சாயங்காலம் மறு கட்சி பதிலுக்குத் திட்டுவதும் ஒரே டோனரில் அடித்ததுதான். வருகிற தாளைப் படித்துப் பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை. எத்தனை பிரதி என்பது மட்டும்தான் என் கணக்கு.

2025 மே மாதம் மூன்றாவது வாரம் உங்களில் ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்தார். ஏ4, ஒரு பக்கம், முன்னூறு பிரதி. வெளியே தூறல். கரண்ட் போய்ப் போய் வந்ததில் நாலைந்து தாள் பாதிக் கறுப்பாக விழுந்தது. அதை ஒதுக்கிவிட்டு, முன்னூறை எண்ணி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்து, முன்னூறு ரூபாயை வாங்கிக் கல்லாவில் போட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் படியிறங்கிப் போன பிறகுதான் பார்த்தேன். ஆகவே இந்த விஷயத்தில் என் கையிலும் மை இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நோட்டீஸ் யாரைப் பற்றியது என்பது ஊருக்கே தெரியும், பெயர் வேண்டாம். எழுபத்தாறு வயது. பதினெட்டில் பட்டாளத்துக்குப் போனவர். 1971ல் கிழக்கு எல்லையில் இருந்தார். இடது காது அங்கேயே போயிற்று. திரும்பி வந்து கட்சியில் சேர்ந்து, இரண்டு தடவை கவுன்சிலராக ஜெயித்து, மூன்றாம் தடவை தோற்றவர். ராணுவத்தைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைவாகப் பேசினால், பேசியவர் சொந்தக் கட்சியா எதிர்க்கட்சியா என்று பார்க்காமல் மேசையைத் தட்டுகிற ஆள். ‘சமாதானம் பேசுகிறவர்’ என்று அவரை எவரும் அதுவரை சொன்னதில்லை.

மே 10ம் தேதி சாயங்காலம், பாகிஸ்தானோடு நடந்த சண்டையில் போர்நிறுத்தம் என்று செய்தி வந்தது. மறுநாள் ஞாயிறு காலை, டீக்கடை பெஞ்சில் அவர் பேசினார். நானும் கண்ணாடி டம்ளரோடு அங்கேதான் நின்றேன். அவர் சொன்னதை என் நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன்: “பஹல்காமில் இருபத்தாறு பேரைக் கொன்றவனைச் சும்மா விடக்கூடாது, அடித்தது சரி. ஆனால் நின்றது நல்லதுதான். இன்னும் பத்து நாள் போயிருந்தால் இந்த பாரக்ஸுக்கும் பெட்டி வந்திருக்கும். எங்கே நிறுத்தணும் என்று முதலிலேயே முடிவு பண்ணாமல் சண்டைக்குப் போகக்கூடாது. டிவியில் லாகூரைப் பிடி, கராச்சியைப் பிடி என்று கத்துகிறவன் வீட்டிலிருந்து எவன் போகப்போகிறான்?”

யாரோ போனில் பிடித்தார்கள். சுற்றுக்கு வந்தபோது அது பன்னிரண்டு வினாடி. “நின்றது நல்லதுதான், பெட்டி வந்திருக்கும்” என்பது மட்டும் மிஞ்சியது. பஹல்காம் போய்விட்டது, அடித்தது சரி என்றதும் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் நோட்டீஸ். ‘கேன்டீன் சரக்குக்கு மட்டும் பட்டாளத்தான், சண்டை என்றால் சமாதானப் புறா’ என்று தலைப்பு. அடியில் ஒரு கேள்வி: ‘நெஞ்சில் குத்தியிருக்கும் மெடல் ராணுவம் கொடுத்ததா, சந்தையில் வாங்கியதா?’

இதைக் கொண்டுவந்த தம்பி எந்தக் கட்சி என்று எழுத மாட்டேன். எழுதினால் மற்ற மூன்று கட்சித் தம்பிகளும் இந்த மடலையே முன்னூறு பிரதி எடுக்க வருவீர்கள். பெரியவருடைய கட்சிக்காரர்களும் வாயைத் திறக்கவேண்டாம். பத்து வருஷத்துக்கு முன் எதிர்த்தரப்பு சுபேதார் ஒருவரைப் பற்றி நீங்கள் அடித்த நோட்டீஸும் இதே மெஷினில் ஓடியதுதான். அதையும் நான் எண்ணித்தான் கொடுத்தேன்.

நான் யார் இதைச் சொல்ல? மெட்ராஸ் ரெஜிமென்டில் 1983 முதல் 2005 வரை கிளார்க். இதே வெலிங்டனில் ரெக்கார்ட்ஸ் ஆபீஸில் பல வருஷம். நான் துப்பாக்கி தூக்கிச் சண்டை போட்டவன் என்று எங்கும் சொல்லிக்கொண்டதில்லை. போட்டவர்களின் தாளை எழுதியவன். எங்காவது ஒரு பையன் செத்தால் அவன் யூனிட்டில் ‘கமிட்டி ஆஃப் அட்ஜஸ்ட்மென்ட்’ என்று உட்கார்ந்து, அவன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, இருப்பதையெல்லாம் பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியல் எங்கள் மேசைக்கு வரும். இலங்கைக்கு நம் படை போயிருந்த 1987 அக்டோபருக்குப் பிறகு நிறைய வந்தது. ஒன்று இன்னும் மறக்கவில்லை: கட்டம் போட்ட லுங்கி இரண்டு, ஹெச்.எம்.டி. வாட்ச் ஒன்று, பாதி எழுதிய இன்லேண்ட் லெட்டர் ஒன்று, சோப்பு மூன்று. சோப்புக்கு எதிரே அடைப்புக்குறிக்குள் ‘வாசனை’ என்று போட்டிருந்தது. ஊரில் இருக்கிற தங்கச்சிக்கு வாங்கியிருப்பான். அந்தச் சோப்பை அவன் வீட்டில் யார் தேய்த்துக் குளித்திருப்பார்கள் என்று இப்போதும் சில ராத்திரி யோசனை வரும். பெரியவர் ‘பெட்டி’ என்று சொன்னபோது உங்களுக்கு அது பயந்தாங்கொள்ளிப் பேச்சாகக் கேட்டிருக்கலாம். எனக்குச் சோப்புதான் ஞாபகம் வந்தது.

இரண்டாவதாக ஞாபகம் வந்தவர் ஒரு அமெரிக்கர். நான் ஓய்வு பெற்ற வருஷம் பத்திரிகையில் படித்து, பிறகு விடாமல் தேடித் தேடிப் படித்த ஆள். அவர் கதையை உங்களுக்குக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்லவேண்டும். உங்கள் நோட்டீஸை எழுதியவர் அந்தக் கதையைப் படித்துவிட்டுத்தான் எழுதினாரோ என்று எனக்குச் சந்தேகம் வருகிற அளவுக்கு ஒத்துப்போகிறது.

பெயர் ஜான் மர்த்தா. பென்சில்வேனியாவில் ஜான்ஸ்டவுன் என்று நம்மைப் போல ஒரு மலைச்சீமை ஊர். நிலக்கரியும் எஃகும் அவர்களுக்கு, தேயிலை நமக்கு. 1889ல் மேலே இருந்த அணை உடைந்து 2,209 பேர் செத்த ஊர் அது. அதற்குப் பிறகு சரிவில் ஏறி இறங்க ஒரு இழுவை ரயில் போட்டார்கள். நம் மலை ரயில் குன்னூருக்கு வருவதற்கு எட்டு வருஷம் முன்னால். (ஒருநாள் அந்த ஊரைப் பார்க்கவேண்டும் என்று ஆசை. ஜெராக்ஸ் கடை வருமானத்தில் கோத்தகிரிக்கே யோசித்துத்தான் போகவேண்டியிருக்கிறது.) மர்த்தா 1952ல் மரைன் படையில் சேர்ந்தவர். வியட்நாமுக்கு 1966ல் தானாகக் கேட்டுப் போனவர். வீரத்துக்கு வெண்கல நட்சத்திரம் ஒன்று, காயம் பட்டதற்குப் பர்ப்பிள் ஹார்ட் இரண்டு. ரிசர்விலும் இருந்து 1990ல் கர்னலாக ஓய்வு பெற்றார். 1974ல் நாடாளுமன்றத்துக்குப் போனார். வியட்நாமில் சண்டை போட்டவர்களில் கீழ்ச்சபைக்கு முதலில் போனவர் அவர்தான். ஜனநாயகக் கட்சிக்காரர் என்றாலும் ராணுவ பட்ஜெட் என்றால் எந்தக் கட்சி ஜனாதிபதியும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார். 1991 வளைகுடாப் போருக்கு ஆதரவு. 2002 அக்டோபரில் இராக் போருக்கும் ஆதரவாக ஓட்டுப் போட்டார்.

போர் தொடங்கி இரண்டரை வருஷம் ஆயிற்று. இருப்பதாகச் சொன்ன பேரழிவு ஆயுதம் கிடைக்கவில்லை. அமெரிக்கச் சிப்பாய்களில் இரண்டாயிரத்துக்கு மேல் செத்தாயிற்று. மர்த்தா வாராவாரம் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய், கைகால் போன பையன்களின் கட்டில் ஓரம் உட்காருவார். 2005 நவம்பர் 17ம் தேதி பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, இந்தக் கொள்கை மாயையில் சுற்றிவைத்த ஓட்டைக் கொள்கை, படையை நடைமுறையில் முடிந்த அளவு சீக்கிரம் திரும்பக் கொண்டுவரவேண்டும் என்றார். அந்தப் பையன்களைப் பற்றிச் சொல்லும்போது எழுபத்து மூன்று வயது மனிதர் குரல் உடைந்து அழுதார்.

உடனே ஆரம்பித்தார்கள். ஜனாதிபதி மாளிகையின் செய்தித் தொடர்பாளர், இவர் மைக்கேல் மூர் மாதிரி ஆட்களின் கொள்கைக்குப் போய்விட்டார், ஆச்சரியமாக இருக்கிறது என்று அறிக்கை விட்டார். சினிமா எடுத்துப் போரைக் கிண்டல் செய்தவர் மூர். முப்பத்தேழு வருஷம் சீருடையோடு உறவு வைத்திருந்தவரை அவரோடு ஒரே கூடையில் போடுவது எவ்வளவு சுலபம் பாருங்கள். நம் ஊரில் அதற்கு வேறு கூடைகள் இருக்கின்றன. பெயர் நான் சொல்லத் தேவையில்லை, உங்கள் வாயில் தினமும் வருகிறது.

18ம் தேதி ராத்திரி சபையில் நடந்ததுதான் முக்கியம். ஆளும் குடியரசுக் கட்சி ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தது. மர்த்தா எழுதியிருந்ததில் இருந்த சொல் ‘நடைமுறையில் முடிந்த அளவு சீக்கிரம்’. ஆறு மாதம் போலப் பிடிக்கும், பக்கத்தில் ஒரு அவசரப் படை நிற்கவேண்டும் என்றெல்லாம் விவரம் வைத்திருந்தார். இவர்கள் கொண்டுவந்த தீர்மானத்தில் அந்த விவரம் எதுவும் கிடையாது. ‘உடனடியாக’ என்று ஒரே சொல். அவர் வாயிலிருந்து வராத சொல்லை அவர் வாயில் வைத்து, இப்போது ஓட்டுப் போடு என்றார்கள். 403க்கு 3 என்று தீர்மானம் தோற்றது. மர்த்தாவே அதற்கு எதிராகத்தான் ஓட்டுப் போட்டார். வெளியே என்ன செய்தி போகும்? பார், அவர் கட்சிக்காரனே அவரை ஏற்கவில்லை என்று போகும். பன்னிரண்டு வினாடி வீடியோவைக் கண்டுபிடித்தது நீங்கள் இல்லை, தம்பிகளே. கேமராவே இல்லாமல், ஒரு சொல்லை மாற்றி அதைச் செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள்.

அந்த விவாதத்தின் நடுவில் ஓஹையோவைச் சேர்ந்த ஜீன் ஷ்மிட் என்ற அம்மையார் எழுந்தார். சபைக்கு வந்து மூன்று மாதம்கூட முழுசாக ஆகாதவர். இடைத்தேர்தலில், இராக்கிலிருந்து திரும்பிய ஒரு மரைனைக் கொஞ்ச ஓட்டில் ஜெயித்து வந்தவர். ‘டேனி பப் என்ற மரைன் கர்னல் எனக்குப் போன் பண்ணினார். மர்த்தாவிடம் ஒரு செய்தி சொல்லச் சொன்னார்: பாதியில் விட்டு ஓடுகிறவன் கோழை, மரைன் ஒருநாளும் ஓடமாட்டான்’ என்றார். சபையே எழுந்து நின்றுவிட்டது. ஆள் மேல் ஆள் பாய்கிற நிலை. கடைசியில் அம்மையார் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்தக் கர்னல் பிற்பாடு, நான் மர்த்தா பெயரையே சொல்லவில்லை என்றார்.

இதில் கோழை என்ற வசவைவிட என்னைத் தைத்தது வேறு. அந்த அம்மையார் அதைத் தன் வாயால் சொல்லவில்லை. ஒரு சீருடைக்காரர் சொல்லச் சொன்னதாகச் சொன்னார். சிப்பாயை அடிக்க இன்னொரு சிப்பாயின் பெயர் வேண்டியிருக்கிறது. உங்கள் நோட்டீஸின் கடைசி வரியைத் திரும்பப் பாருங்கள்: ‘இப்படிக்கு, முன்னாள் ராணுவத்தினர்.’ எந்த முன்னாள் ராணுவத்தினர்? எந்த யூனிட்? என் கடைக்கு நோட்டீஸைக் கொண்டுவந்த தம்பி, டிஸ்சார்ஜ் புக் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்திருக்க மாட்டார். நான் விசாரித்த ஐந்தாறு எக்ஸ் சர்வீஸ்காரர்களில் ஒருவருக்கும் இந்த நோட்டீஸ் பற்றித் தெரியாது. ஒருவர் மட்டும், “அவர் சொன்னது எனக்குப் பிடிக்கலை, ஆனா மெடலைப் பத்திக் கேக்க இவன் யாருடா?” என்றார்.

மெடல் விஷயத்துக்கும் அங்கே ஒரு சோடி இருக்கிறது. 2006 ஜனவரியில் ஒரு செய்தி நிறுவனம், மர்த்தாவுக்குப் பர்ப்பிள் ஹார்ட் கொடுக்கிற அளவுக்குக் காயம் பட்டதா என்று கிளப்பிவிட்டது. யாரிடம் கேட்டு எழுதினார்கள்? அவரோடு பழைய தேர்தல்களில் மோதியவர்களிடம். முப்பத்தெட்டு வருஷம் அந்தக் காயம் காயமாகவே இருந்தது. போரை நிறுத்து என்று அவர் வாயைத் திறந்த மூன்றாம் மாதம் அதில் சந்தேகம் வந்துவிட்டது. இதற்கு முன்பே 2002ல் ஜார்ஜியாவில் மேக்ஸ் கிளீலண்ட் என்பவருக்கு நடந்தது இன்னும் மோசம். வியட்நாமில் இரண்டு காலும் வலது கையும் போனவர். அவரை எதிர்த்து வந்த தேர்தல் விளம்பரத்தில் பின்லேடன் முகமும் சதாம் முகமும் காட்டி, அடுத்து இவர் முகத்தைக் காட்டினார்கள். தோற்றுப்போனார். அவரும் இராக் போருக்கு ஓட்டுப் போட்டவர்தான்! ஆதரித்தாலும் விடமாட்டார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

துணை ஜனாதிபதி டிக் செனி போர் எதிர்ப்பாளர்களை வறுத்தெடுத்தபோது மர்த்தா கொடுத்த பதில் எனக்குப் பிடிக்கும். ஐந்து தடவை விலக்கு வாங்கிக்கொண்டு, அங்கே போகாமலே ஆளை அனுப்பிவிட்டு, என்ன செய்யலாம் என்று யோசனை சொன்னால் கோபப்படுகிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்றார். வியட்நாம் காலத்தில் ராணுவத்துக்குப் போகாமல் இருக்கச் செனி ஐந்து முறை விலக்கு வாங்கியவர். ஆனால் இங்கே ஒன்று சொல்லவேண்டும். இந்தப் பதிலும் கொஞ்சம் அதே ரகம்தான். ‘நீ போனியா?’ என்று கேட்பது கைதட்டல் வாங்கும். போகாதவன் போரைப் பற்றிப் பேசவே கூடாது என்று ஆகிவிட்டால், நாளைக்கு எங்கள் ஆட்கள் மட்டும்தான் நாட்டை நடத்தவேண்டியிருக்கும். அது இன்னும் ஆபத்து. பக்கத்து நாட்டைப் பார்த்தால் தெரியும். டீக்கடையில் பெரியவர் ‘எவன் போகப்போகிறான்’ என்றதையும் இந்தக் கணக்கில்தான் வைக்கிறேன். சூட்டில் வந்த பேச்சு. அதை நீங்கள் கேள்வி கேட்டிருந்தால் நான் உங்கள் பக்கம்.

மர்த்தாவும் உத்தமர் இல்லை. தன் தொகுதிக்கு ராணுவ ஒப்பந்தங்களை அள்ளிக்கொண்டு போனதில் அவர் பெயர் கெட்டிருந்தது. 1980ல் நடந்த ஒரு லஞ்சப் பொறியில், பணத்தை வாங்கவில்லை என்றாலும், வாசலைச் சாத்திவிட்டும் வரவில்லை. வழக்குப் போடாமல் விட்டார்கள். இன்னொன்று எனக்கு நேராகவே உறுத்துகிறது. அவர் பேசி இரண்டு நாள் கழித்து, 2005 நவம்பர் 19ல், இராக்கில் ஹதீதா என்ற ஊரில் மரைன்கள் இருபத்து நான்கு சாதாரண ஜனங்களைக் கொன்றார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. 2006 மே மாதம், விசாரணை முடிவதற்கு முன்பே, ஈவிரக்கமில்லாமல் கொன்றார்கள் என்று மர்த்தா பேசிவிட்டார். கொன்றது உண்மை. ஆனால் விசாரணை நடக்கும்போது தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது கிளார்க்காக இருந்த எனக்கே தெரியும், கர்னலுக்குத் தெரியாதா? கடைசியில் அந்த வழக்கில் ஒருவருக்கும் சிறை இல்லாமல் போயிற்று என்பது இன்னொரு வெட்கம். அவர் சொன்னபடி 2005லேயே படை திரும்பியிருந்தால் இராக் உருப்பட்டிருக்குமா என்பதிலும் இரண்டு பக்கம் வாதாடலாம். படை 2011 டிசம்பரில் திரும்பியது. அதைப் பார்க்க அவர் இல்லை, 2010 பிப்ரவரியில் இறந்துவிட்டார். 2014ல் அங்கே வந்து நின்ற ஐ.எஸ். பயங்கரத்தைப் பார்த்தால் எதிர்வாதம் செய்கிறவர்களுக்கும் சரக்கு இருக்கிறது.

இதெல்லாம் அவரை அடிக்க நியாயமான இடங்கள், தம்பிகளே. லஞ்சம், ஒப்பந்தம், அவசரப் பேச்சு, படை திரும்பினால் என்ன ஆகும் என்கிற கணக்கு. அங்கே அடித்திருந்தால் நான் ஒரு வார்த்தை எழுதமாட்டேன். அவர்கள் அடித்த இடம் காயம் பட்ட தழும்பு. நீங்கள் அடித்த இடமும் அதுதான்.

அமெரிக்காக்காரன் கதை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். சரி, மலையை விட்டு இறங்காமலே ஒன்று சொல்கிறேன். வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் 1960களின் தொடக்கத்தில் கமாண்டன்டாக இருந்த ஒருவர் மேல், தேசத்துக்கு விசுவாசம் இல்லாதவர் என்று புகார் கிளம்பியது. அன்றைய பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனுக்கும் அவருக்கு வேண்டிய ஒரு ஜெனரலுக்கும் அந்த மனிதரைப் பிடிக்காது, வாய் நீளம். கோர்ட் ஆஃப் என்கொயரி வைத்தார்கள். லெப்டினன்ட் ஜெனரல் தௌலத் சிங் விசாரித்து, குற்றம் எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார். அதற்குள் 1962ல் சீனாக்காரன் வந்துவிட்டான், மேனன் பதவி போயிற்று, புகார் சொல்லப்பட்டவரைக் கிழக்கே அனுப்பிப் படையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்கள். அவர் சாம் மானெக்‌ஷா. ஓய்வுக்குப் பிறகு குன்னூரிலேயே வாழ்ந்து, 2008 ஜூன் 27ல் வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் இறந்தவர். ஊட்டியில் பார்சி கல்லறையில் இருக்கிறார். அவர் படத்தோடு நீங்கள் எல்லாரும் பேனர் அடிக்கிறீர்கள், டிசைன் பிரின்ட் என் கடையில்தான்.

அதே மானெக்‌ஷாவை 1971 ஏப்ரலில் இந்திரா காந்தி கூப்பிட்டு, கிழக்குப் பாகிஸ்தானில் இறங்கலாமா என்று கேட்டபோது, இப்போது முடியாது என்றார். மழை வரும், ஆறுகள் கடலாகும், படை ஆங்காங்கே சிதறிக் கிடக்கிறது, இப்போது போனால் தோற்போம் என்றார். டிசம்பரில் போனார்கள். பதிமூன்று நாளில் முடிந்தது. மானெக்‌ஷா போரே வேண்டாம் என்றவர் இல்லை, இப்போது வேண்டாம் என்றவர். அந்த வித்தியாசத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த அறையிலிருந்து பன்னிரண்டு வினாடி மட்டும் வெளியே வந்திருந்தால்? ‘முடியாது, தோற்போம்’ என்று தளபதியே சொல்லிவிட்டார் என்று எத்தனை முன்னூறு பிரதி ஓடியிருக்கும்?

1990 பற்றியும் பேசவேண்டும். அதைத் தொட்டால் உங்களில் ஒரு பாதிக்குச் சுருக்கென்றிருக்கும். இலங்கையிலிருந்து படை திரும்பியபோது முதலமைச்சராக இருந்த கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலை. அன்றைக்கு ஆரம்பித்த ‘தேசத்துரோகி’ வசவு எத்தனை வருஷம் ஓடியது என்று உங்கள் அப்பாக்களைக் கேளுங்கள். எங்கள் பாரக்ஸில் இரண்டு விதமாகவும் பேச்சு இருந்தது. உயிரோடு திரும்பிய சிப்பாய் என்ன தப்புச் செய்தான், அனுப்பினவனை அல்லவா கேட்கணும் என்று ஒரு பக்கம். அங்கே நடந்ததைப் பார்த்தவனுக்கு மாலை எதுக்கு என்று, திரும்பி வந்தவர்களிலேயே ஒருவர். போகாதது சரியா தப்பா என்று முப்பத்தைந்து வருஷமாக மோதிக்கொண்டிருக்கிறோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் பையன்கள் அங்கே செத்தார்களே, அந்தச் சண்டைக்குள் ஏன் போனோம், எங்கே நிறுத்துவதாக இருந்தோம் என்ற கேள்வி மேடையில் வரவே இல்லை. கூடலூர்ப் பக்கம் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கிற, இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களிடம் கேட்டிருந்தாலாவது கொஞ்சம் விவரம் கிடைத்திருக்கும். அவர்களை யார் கேட்டார்கள்.

2025 மேக்கு வருகிறேன். கல்யாணமாகி ஆறாவது நாள் பஹல்காமில் கணவனை இழந்த பெண், முஸ்லிம்கள் மேலும் காஷ்மீரிகள் மேலும் பாயாதீர்கள் என்று கேட்டதற்கு அவளைத் திட்டினார்கள். போர்நிறுத்தத்தை அறிவித்த வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியையும், அவர் மகளையும் சேர்த்துத் திட்டினார்கள். மனிதர் தன் எக்ஸ் கணக்கைப் பூட்டிக்கொண்டார். அவர் அறிவித்தது அரசாங்கத்தின் முடிவை! அதே நாட்களில் முன்னாள் தரைப்படைத் தளபதி நரவணே, போர் பாலிவுட் சினிமா இல்லை, உத்தரவு வந்தால் போவோம், ஆனால் முதலில் பேச்சுவார்த்தையைத்தான் பார்ப்பேன் என்று புனேயில் பேசினார். நம் பெரியவர் டீக்கடையில் சொன்னதற்கும் இதற்கும் என்ன பெரிய தூரம்? அவர் ஜெனரல், இவர் ஹவில்தார். அவ்வளவுதான்.

ராணுவத்தின் மேல் பிரியம் என்பதை இந்த ஊருக்கு யாரும் நோட்டீஸ் போட்டுச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 8ல் நஞ்சப்பசத்திரத்தில் ஜெனரல் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தபோது, வீட்டில் போர்த்திக்கொண்டிருந்த கம்பளியையும் குடத்துத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஓடியது அங்கே இருந்த ஜனங்கள்தான். எந்தக் கட்சி என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுபடி என் கடைக்கு வருகிறேன். நோட்டீஸ் அடித்து நாலைந்து நாள் இருக்கும். பெரியவர் வந்தார். மங்கி கேப், கையில் மஞ்சள் பை. ஸ்பர்ஷ் என்கிற ராணுவப் பென்ஷன் இணையதள வேலைக்காக, பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவு நகல் இரண்டு, ஆதார் நகல் இரண்டு வேண்டும் என்றார். நான் எடுத்துக்கொண்டிருந்தபோது அவருக்குப் போன் வந்தது. நல்ல காதில் வைத்துக்கொண்டு, யாரோ சொன்ன நம்பரைக் குறித்துக்கொள்ளக் கண்ணாலேயே தாள் கேட்டார். கெட்டுப்போன தாள்களை நான் கட்டிவைத்து, பின்பக்கத்தில் கணக்குப் போடுவது வழக்கம். யோசிக்காமல் மேலே இருந்ததை நீட்டிவிட்டேன். நம்பரை எழுதினார். எழுதி முடித்துவிட்டு, மடிப்பதற்காகத் திருப்பினார்.

பாதிக் கறுப்பு. ஆனால் கீழ்ப்பாதி நன்றாகவே விழுந்திருந்தது. மெடல் வரியும் ‘இப்படிக்கு’ வரியும் தெளிவாக இருந்தன. படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். மெஷின் ஓடுகிற சத்தம் தவிர ஒன்றும் இல்லை. “எத்தனை அடிச்சே?” என்றார். “முன்னூறு, அண்ணே.” “எவ்வளவு வாங்கினே?” “ஒரு பிரதி ஒரு ரூபா.” தலையை ஆட்டினார். நாலு பிரதிக்கு நாலு ரூபாய்ச் சில்லறையை எண்ணி மேசையில் வைத்தார். வேண்டாம் என்றேன். “தொழில்ல தள்ளுபடி எதுக்கு” என்று சொல்லிவிட்டு, நம்பரைக் கையில் பால்பாயின்டால் எழுதிக்கொண்டு, தாளை மட்டும் மேசையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கினார்.

அதற்குப் பிறகு அவர் டீக்கடை பெஞ்சுக்கு வருவதில்லை. ஜெயித்துவிட்டோம் என்று உங்களில் சிலர் சொல்லிக்கொள்வதாகக் கேள்வி.

என் தரப்பு முடிவைச் சொல்கிறேன். சண்டை மே 10ல் நின்றிருக்கக்கூடாது, இன்னும் போயிருக்கவேண்டும் என்று நீங்கள் நினைத்தால், எதற்கு, எதுவரை, எத்தனை பெட்டி வந்தாலும் பரவாயில்லை என்பதை உட்கார்ந்து எழுதிக்கொண்டு வாருங்கள். அடியில் உங்கள் சொந்தப் பெயரைப் போடுங்கள். ஐந்நூறு பிரதி இலவசமாக அடித்துத் தருகிறேன். பெரியவர் கவுன்சிலராக இருந்தபோது செய்த தப்பு எதுவும் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். அவர் செய்யாத ஆள் இல்லை. மெடல், கேன்டீன், காது, கோழை என்று ஒரு சொல் தாளில் இருந்தாலும் மெஷின் ஓடாது. மார்க்கெட் பக்கம் இன்னும் இரண்டு ஜெராக்ஸ் கடை இருக்கிறது, எழுபத்தைந்து பைசாவுக்கே அடிக்கிறார்கள்.

நோட்டீஸ் கொண்டுவந்த தம்பிக்கு மட்டும் ஒன்று. உங்கள் முன்னூறு ரூபாயைத் தனியாகக் கவரில் போட்டு டிராயரில் வைத்திருக்கிறேன். அந்தப் பாதிக் கறுப்புத் தாளும் அதற்குள்ளேயே இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை மத்தியானம் ஒரு மணி வரை உண்டு.

இப்படிக்கு,
பாரக்ஸ் சாலை ஜெராக்ஸ் கடைக்காரன்,
முன்னாள் ஹவில்தார் கிளார்க், மெட்ராஸ் ரெஜிமென்ட்